கியர் இல்லாச் சைக்கிளுக்கு உழைக்கும் பின் ஹப்: மூன்று ஹப்புகளைப் பற்றிய எனது மதிப்பீடு

2023 ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு காலை, மட்டக்களப்பு வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தபோது, எனது சைக்கிளின் பின்சில்லு ஒரு பக்கமாகச் சாய்ந்து பிறேக் கட்டையில் உரசத் தொடங்கியது. முதலில் கம்பி ஏதோ அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். இறங்கிப் பார்த்தால் 36 கம்பிகளும் இருந்த இடத்தில் இருந்தன. சில்லைக் கையால் பிடித்து ஆட்டியபோது வலப்பக்கம் பிறீவீலோடு (செயின் ஓடும் பின் பல்லுச்சக்கரத்தோடு) சேர்ந்து தளர்ந்து ஆடியது. பிறேமின் கவையில் (அச்சின் முனை பொருந்தும் பிளவில்) இருந்த நட்டுகள் இரண்டும் இறுக்கமாகவே இருந்தபடியால் சில்லு கழன்று விழவில்லை. ஆனால் உள்ளே அச்சு இரண்டாகப் போயிருந்தது. மிச்ச வழியைச் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்து முடித்தேன். கல்லடியிலிருந்து படுவான்கரையில் உள்ள பாடசாலைக்குப் போய்த் திரும்ப நாளொன்றுக்கு ஏறக்குறைய 22 கிலோமீற்றர் மிதிக்கிறவன் நான். அந்த ஹப், அதாவது அச்சும் குண்டுகளும் உள்ள சில்லின் நடுப்பகுதி, பூட்டி 14 மாதங்களே ஆகியிருந்தன. ஏறத்தாழ 5,000 கிலோமீற்றர் ஓடியிருக்கும். பின்சில்லின் ஹப் என்ற பொருளை நான் அக்கறையோடு படிக்கத் தொடங்கியது அன்றுதான். அதற்குப் பின் இரண்டு மாரிகள் கழிந்துவிட்டன. மூன்று வகை ஹப்புகளைக் கழற்றிப் பூட்டிப் பார்த்த அனுபவத்தை, எங்கள் வீதிகளில் கியர் இல்லாத சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன்.

உடைந்த சில்லை அன்று பின்னேரம் கோட்டைமுனைப் பக்கத்தில் நான் வழக்கமாகப் போகும் திருத்தகத்தில் கொடுத்தேன். அங்குள்ள பெரியவர் ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் சில்லைக் கிடத்தி, நட்டுகளைக் கழற்றி, அச்சின் இரண்டு துண்டுகளையும் இழுத்தெடுத்து மண்ணெண்ணெயில் கழுவி என் உள்ளங்கையில் வைத்தார். வலப்பக்கக் கோன் (குண்டுகளை உள்ளே நிறுத்தும் கூம்பு நட்டு) உட்கார்ந்திருந்த இடத்தில், மரையின் ஒரு பள்ளத்தோடு ஒட்டினாற்போல் முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் பாதிக்கு மேற்பட்ட பகுதி வழவழப்பாகவும் துருவேறிக் கருஞ்சிவப்பாகவும் இருந்தது. மீதிப் பகுதி மட்டும் உடைத்த கற்கண்டுபோலச் சொரசொரப்பாக மின்னியது. “தம்பி, இது இண்டைக்கு உடைஞ்சதில்ல. உடையத் துடங்கிக் கனநாள்” என்றார் அவர். கருமையான பகுதி மாதக்கணக்காக மெல்ல மெல்ல விரிந்துகொண்டிருந்த வெடிப்பு. அதற்குள் ஈரம் புகுந்து துருப்பிடித்திருக்கிறது. மின்னிய பகுதிதான் அன்று காலை முறிந்தது. ஒரே ஒரு குழியில் விழுந்ததால் அச்சு உடைந்தது என்று எவராவது சொன்னால், முறிந்த முகத்தைக் காட்டும்படி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதிலே பழைய துரு இருக்கும்.

அந்தச் சைக்கிளை நான் வாங்கியது 2022 இல், எரிபொருள் தட்டுப்பாட்டின்போது. பெற்றோலுக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சைக்கிளைத் தேடிய காலம் அது. கடைகளில் கிடைத்ததை, கேட்ட விலைக்கு வாங்கினோம். மலைச்சைக்கிள் அமைப்பில் இருந்த பழைய பிறேம் ஒன்றை எடுத்து, கியர்களை நீக்கி, ஒற்றைப் பிறீவீல் பூட்டிக் கொடுத்தார்கள். அதில் பூட்டப்பட்ட பின் ஹப் ஏழு பல்லுச்சக்கரங்கள் கொண்ட பிறீவீலுக்காகச் செய்யப்பட்ட மலிவான அலுமினிய ஹப் என்பது எனக்கு அப்போது தெரியாது. பூட்டியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏழு சக்கரத்துக்குரிய இடத்தில் ஒரு சக்கரத்தைப் பூட்டிவிட்டு, மீதி இடத்தை வாசர்களால் நிரப்பியிருந்தார்.

கோளாறு அங்கேதான் தொடங்கியது. இந்த வகை ஹப்பில் அச்சைத் தாங்கும் குண்டுகள் ஹப்பின் உடலுக்குள்ளேயே இருக்கின்றன. பிறீவீல் அதற்கு வெளியே மரையில் பூட்டப்படுகிறது. ஆகவே வலப்பக்கக் குண்டுகளுக்கும் பிறேமின் கவைக்கும் இடையில், பிறீவீலுக்கு உள்ளே, அச்சு எந்தத் தாங்கலும் இல்லாமல் வெறுமனே நீண்டு நிற்கிறது. ஓட்டுநரின் எடையும், கரியரில் ஏற்றிய சுமையும், செயின் இழுக்கும் இழுவையும் அந்த நீட்டத்தை ஒவ்வொரு சுற்றிலும் வளைக்கப் பார்க்கின்றன. எனது உடைந்த ஹப்பில் அந்த நீட்டத்தை அளந்தேன், 40 மில்லிமீற்றர். அப்பாவின் பழைய சைக்கிளில் அளந்தபோது 22 மில்லிமீற்றர்தான் இருந்தது. நீட்டம் இரட்டித்தால் அச்சை வளைக்கும் விசையின் தாக்கமும் இரட்டிக்கும். அச்சின் தடிப்போ இரண்டிலும் ஒன்றே: எட்டில் மூன்று அங்குலம், அதாவது 9.5 மில்லிமீற்றர். அத்தோடு அச்சின் முழு நீளத்துக்கும் மரை வெட்டியிருப்பதால், ஒவ்வொரு மரைப் பள்ளமும் வெடிப்புத் தொடங்குவதற்கு வாசலாகிவிடுகிறது. கியர் இல்லாத சைக்கிளுக்கு இயல்பாகவே ஒரு நன்மை உண்டு. ஒற்றைப் பிறீவீல் ஒடுக்கமானது, எனவே குண்டுகளைக் கவைக்கு அருகிலே கொண்டுபோக முடியும். கம்பிகளும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே சாய்வில் நிற்பதால் சில்லும் உறுதியாக இருக்கும். கியர்ச் சைக்கிளின் ஹப்பை வாசர் போட்டுச் சரிக்கட்டுகிறவர்கள் அந்த இரண்டு நன்மைகளையும் ஒன்றாகத் தொலைத்துவிடுகிறார்கள்.

ஆகையால் ஹப் வாங்கப் புறப்படும் எவரும் முதலில் ஓர் அளவுகோலை எடுத்து, பின் கவைகளின் உட்பக்கத்துக்கு இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். பழைய கறுப்புச் சைக்கிள்களிலும் சிறுவர் சாகசம் பழகும் பிஎம்எக்ஸ் சைக்கிள்களிலும் அது ஏறக்குறைய 110 மில்லிமீற்றர், பந்தயத் தடத்தில் ஓடும் ஒற்றைச் சக்கரச் சைக்கிள்களில் 120, வீதிப் பந்தயச் சைக்கிள்களில் பழையவை 126, பிற்காலத்தவை 130, மலைச்சைக்கிள்களில் 135. உருக்குப் பிறேமாக இருந்தால் ஐந்தாறு மில்லிமீற்றர் விரிப்பதோ நெருக்குவதோ பெரிய ஆபத்தில்லை. அலுமினியப் பிறேமில் அந்த வேலையைச் செய்யவே கூடாது; அது வளையாது, வெடிக்கும். எனது பிறேம் 135. எனவே எனக்குத் தேவைப்பட்டது 135 மில்லிமீற்றருக்கென்றே செய்யப்பட்ட, ஆனால் ஒற்றைப் பிறீவீலுக்குரிய ஹப். அதாவது நடு உடல் அகன்று, குண்டுகள் இரண்டும் இரு ஓரங்களிலும் தள்ளி அமைந்தது. இந்த ஒரு வாக்கியத்தைக் கடைக்காரருக்கு விளங்கப்படுத்த எனக்கு மூன்று கடைகள் ஏறி இறங்க வேண்டியிருந்தது.

புதிய ஹப் கிடைக்கும் வரைக்கும் நான் அப்பாவின் சைக்கிளில் போய்வந்தேன். அந்தப் பின் ஹப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1978 ஆம் ஆண்டுச் சூறாவளிக்கு முந்திய வருடம் அப்பா வாங்கிய சைக்கிள் அது. 28 அங்குலச் சில்லு, முன்னுக்கு 32 கம்பி, பின்னுக்கு 40 கம்பி, உருக்கு ஹப். ஹப்பின் நடுவில் ஒரு சிறு துளையும், அதை மூடுவதற்கு ஒரு வில்லுத் தகடும் உண்டு. அப்பா மாதத்தில் ஒருநாள் அந்தத் தகட்டை நகத்தால் நகர்த்தி, தையல் இயந்திரத்து எண்ணெய்க் குப்பியால் இரண்டு சொட்டு விடுவார். எண்ணெய் இரு பக்கமும் கசிந்து வெளியே வரும்போது உள்ளே புகுந்த மண்ணையும் சேர்த்துக்கொண்டு வரும். சில்லின் நடுவில் எப்போதும் ஓர் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அம்மாவின் சேலையில் பட்டுப் பேச்சு வாங்கியதும் உண்டு. ஆனால் அந்தப் பிசுக்குத்தான் உப்புக் காற்றிலிருந்து ஹப்பைக் காத்தது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தபோது அந்தச் சைக்கிள் வளவின் மூலையில் சேற்றுக்குள் புதைந்து, பல நாட்கள் கழித்தே எங்கள் கைக்கு வந்தது. றிம் இரண்டும் துருவேறிப் போயின, செயின் ஒரே கட்டியாக இறுகிவிட்டது. பின் ஹப்பை அப்பா தானே திறந்தார். கோன்கள் இரண்டும் குண்டுகளும் கறுத்திருந்தன; ஹப்பின் உட்பக்கத்தில் குண்டுகள் உருளும் கிண்ணங்களிலோ துருவின் நிழல் மட்டுமே படிந்திருந்தது. அதைத் துணியால் தேய்த்து எடுத்துவிட்டு, புதிய கோனும் புதிய குண்டும் போட்டு, புதிய றிம்மில் அதே ஹப்பைக் கட்டினார். பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குலக் குண்டுகள் 18; அந்த எண்ணிக்கையை அன்று அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து எண்ணிக் கொடுத்தவன் நான். அந்த ஹப் இன்றைக்கும் ஓடுகிறது. நான் 2023 இல் இரண்டு மாதம் அதில் போய்வந்து, கழற்றிப் பார்த்தபோது கிண்ணத்தில் ஒரு பள்ளம்கூட இல்லை.

இதைப் படித்துவிட்டு “அப்படியானால் பழைய உருக்கு ஹப்பே போதும்” என்று யாரும் கடைக்கு ஓடிவிடக் கூடாது. வெளித்தோற்றத்தில் அதே போன்ற 40 துளை ஹப்புகள் இன்றும் கிடைக்கின்றன. நான் அவற்றில் ஒன்றை வாங்கி அப்பாவின் இன்னொரு சில்லில் போட்டுப் பார்த்தேன். ஆறு மாதத்தில் கோனும் கிண்ணமும் குழிவிழுந்துவிட்டன. வேறுபாடு உலோகத்தின் கடினத்தன்மையிலும், குண்டு உருளும் பாதையைத் தீட்டிய விதத்திலும் இருக்கிறது. வாங்குமுன் கோனைக் கழற்றிக் கிண்ணத்துக்குள் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்துப் பாருங்கள். நல்ல ஹப்பில் குண்டு உருளும் பாதை கண்ணாடிபோல் மின்னும்; தரமற்றதில் கடைசல் இயந்திரத்தின் கீறல்கள் வளையம் வளையமாகத் தெரியும். கழற்றிக் காட்ட மறுக்கும் கடையில் நான் இப்போது ஹப் வாங்குவதில்லை. இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும்: புதிய ஹப்புகள் பலவற்றில் குண்டுகளை ஒரு தகட்டுக் கூண்டுக்குள் அடைத்து, பக்கத்துக்கு 7 மட்டும் போட்டிருப்பார்கள். கூண்டை எறிந்துவிட்டு 9 குண்டுகளைத் தனித்தனியாகப் போட்டால், அதே சுமையைக் கூடுதலான குண்டுகள் பகிர்ந்துகொள்ளும். அதற்காகும் செலவு ஒரு தேநீர்ச் செலவுக்கு மேல் வராது.

கோனும் குண்டும் உள்ள ஹப்பின் பலம் அதைச் சரிசெய்யக் கூடியதாக இருப்பது, பலவீனமும் அதுவே. கோனை ஒரு கால்சுற்று கூடுதலாக இறுக்கினால் குண்டுகள் நசிந்து பாதையைத் தின்னும். தளர விட்டால் ஒவ்வொரு குழியிலும் குண்டுகள் மோதிப் பாதையில் பள்ளம் போடும். சரியான இடம் எது என்பதை விரல்தான் சொல்லும். சில்லைக் கழற்றி, அச்சின் இரு முனைகளையும் இரண்டு விரல்களால் பிடித்து மெதுவாக உருட்டுங்கள். நெய்யில் விரல் ஓடுவதுபோல இருக்க வேண்டும். குறுணி கலந்த சோற்றில் கல் கடிபட்டாற்போல் நறநறத்தால் திறக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. மாரி வெள்ளத்தில் ஹப் ஒரு தரம் மூழ்கினாலும், ஓடும்போது சூடான உட்பகுதி குளிர்ந்த நீரில் சுருங்கி நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் கடந்து போகிறவர்கள் தை பிறந்ததும் ஹப்பைத் திறந்து கழுவிப் புதிய கிறீஸ் அடைத்தே ஆக வேண்டும். மீன்பிடிப் படகுகளின் இயந்திரங்களுக்குப் பூசும் கிறீஸையே நான் வாங்குகிறேன். உப்பு நீரில் கரைந்து போகாதபடி செய்யப்பட்டது அது, வாவிக்கரையில் அதற்குத் தட்டுப்பாடும் இல்லை.

இனி, நான் தெரிவு செய்த ஹப்புக்கு வருகிறேன். 2023 கார்த்திகையில் கொழும்பில் இருந்த மைத்துனர் மூலமாக வாங்கியது. பெட்டியில் தைவானில் செய்யப்பட்டது என்று மட்டும் இருந்ததே தவிர, செய்தவர் பெயர் இல்லை. ஆகையால் பெயரை விட்டுவிட்டு அளவுகளைச் சொல்கிறேன். கடையில் கேட்பதற்கு அவைதான் உதவும். 135 மில்லிமீற்றர் அகலம், 36 துளை, அடித்து உருவாக்கிய அலுமினிய உடல், இரு முனைகளிலும் 10 மில்லிமீற்றர் மரையும் நட்டும், நடுவில் 12 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்கு அச்சு. வளைவைத் தாங்கும் வலிமை அச்சின் விட்டத்தின் மும்மடிக்கு (கனத்துக்கு) ஏற்பக் கூடும் என்பது பாடசாலையில் நான் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் கணக்குக்குள்ளேயே வருவது: 9.5 இலிருந்து 10 க்குப் போனால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு கூடும். 12 க்குப் போனால் இரட்டிப்பாகும். அத்தோடு வலப்பக்கத் தாங்கல் ஹப்பின் ஓரத்துக்கே தள்ளி அமைந்திருப்பதால், வெறுமனே நீளும் பகுதி 20 மில்லிமீற்றருக்கும் குறைவு. எனது பழைய ஹப்பை முறித்த காரணங்கள் இரண்டும் இதில் இல்லை.

இதில் கோனும் தனிக்குண்டும் கிடையாது. குண்டுகளை இரண்டு வளையங்களுக்கு இடையே அடைத்து மூடிய பெயரிங் இரண்டு இருக்கின்றன. சைக்கிள் ஹப்பில் இத்தகைய பெயரிங்குகளைப் பெயர்பெறச் செய்தவர்களுள் முக்கியமானவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1971 இல் தொழில் தொடங்கிய பில் வூட் என்பவர். அவருடைய ஹப்புகள் எங்கள் சம்பளத்துக்கு எட்டாதவை. ஆனால் அவருடைய முறை இப்போது நடுத்தர விலைக்கும் இறங்கி வந்திருக்கிறது. எனது ஹப்பை விரும்பச் செய்தது அந்தப் பெயரிங்கின் பக்கத்தில் பொறித்திருந்த இலக்கம்: 6001. இந்த இலக்கங்கள் உலகம் முழுவதும் ஒன்றே. கடைசி இரண்டு இலக்கம் உள்விட்டத்தைச் சொல்லும்: 00 என்றால் 10 மில்லிமீற்றர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. 6001 என்பது உள்ளே 12, வெளியே 28, அகலம் 8. இதை வாங்குவதற்குச் சைக்கிள் கடையே தேவையில்லை. நீரிறைக்கும் இயந்திரங்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் பெயரிங் விற்கும் கடையில் இலக்கத்தைச் சொன்னால் போதும். விலை கூடிய சில ஹப்புகளில் 6902 போன்ற மெல்லிய பெயரிங்குகள் இருக்கின்றன. அவற்றுக்குள் இருக்கும் குண்டுகள் சிறியவை, எங்கள் ஊரில் தேடினால் கிடைப்பதும் அரிது. நீடித்து உழைக்கும் ஹப் என்று நான் சொல்வது, தேய்ந்துபோகும் உறுப்பை மட்டக்களப்பு நகரத்திலேயே ஒரு பின்னேரத்துக்குள் மாற்றிவிடக்கூடிய ஹப்பைத்தான். ஹப் வாங்குமுன் பெயரிங் இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு, அந்த இலக்கம் ஊர்க் கடையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகே காசை எடுங்கள்.

பெயரிங் வாங்கும்போது இலக்கத்துக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பார்க்க வேண்டும். 2ஆர்எஸ் என்றிருந்தால் இரு பக்கமும் றப்பர் மூடி. இசட்இசட் என்றிருந்தால் இரு பக்கமும் தகட்டு மூடி. தகட்டு மூடி தூசைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. தரைமட்டத்தில் வெள்ளம் நிற்கும் எங்கள் பகுதிக்கு றப்பர் மூடியே வேண்டும். இரண்டாவது மாரி முடிந்ததும் எனது பெயரிங்குகளின் றப்பர் மூடியை ஊசி முனையால் கிளப்பிப் பார்த்தேன்; இடப்பக்கத்தில் கிறீஸ் இன்னும் வெண்ணிறமாக இருந்தது, வலப்பக்கத்தில் சற்றே தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. அந்த மாரியில் நான் முழங்கால் வெள்ளத்தில் சைக்கிளை உருட்டிய நாட்கள் நான்கோ ஐந்தோ இருக்கும்.

இந்த வகையின் குறையையும் மறைக்கக் கூடாது. பெயரிங் தேய்ந்தால் கோனைப்போல இறுக்கிச் சரிசெய்ய முடியாது. கழற்றி மாற்றத்தான் வேண்டும். மாற்றத் தெரியாதவர் கையில் புதிய பெயரிங்கும் கெட்டுவிடும். வலப்பக்கப் பெயரிங்கை நான் ஒரு தரம் மாற்ற வேண்டி வந்தது. அவசரத்தில், வழக்கமான திருத்தகம் பூட்டியிருந்தபடியால், வேறோர் இடத்தில் கொடுத்தேன். அங்கு வேலை செய்த இளைஞர் புதிய பெயரிங்கின் உள்வளையத்தில் பொன்சை வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றினார். அடி ஒவ்வொன்றும் உள்வளையத்திலிருந்து குண்டுகள் வழியாக வெளிவளையத்துக்குப் போகிறது என்பதை நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் நின்றுவிட்டேன். மூன்று வாரத்தில் அது நறநறத்தது. பெயரிங்கை ஹப்புக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தில் மட்டுமே அழுத்தம் படவேண்டும். 28 மில்லிமீற்றருக்குச் சற்றே சிறிய ஒரு சொக்கெற்றை வைத்து, நீண்ட மரையாணியும் நட்டும் கொண்டு மெல்ல மெல்ல இழுத்து உட்காரவைப்பதே முறை. கோட்டைமுனைப் பெரியவர் அதைத்தான் செய்தார். பழைய பெயரிங்கின் வெளிவளையத்தையே புதியதன்மேல் வைத்து அழுத்தினார், அதற்குக் கருவி என்று தனியாக ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஹப்பைப் பற்றிப் பேசும்போது பிறீவீல் பூட்டும் மரையைச் சொல்லாமல் விட முடியாது, ஏனெனில் அலுமினிய ஹப்புகள் கணிசமானவை சாவது அங்கேதான். வழக்கமான பிறீவீலின் மரை 1.37 அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 சுற்றும் கொண்டது. 16, 18 பல்லுப் பிறீவீல்கள் எல்லாம் அதில் ஏறும். பிஎம்எக்ஸ் சைக்கிள்களில் வரும் 14 பல்லுக்கும் அதற்குக் குறைந்தவற்றுக்கும் 30 மில்லிமீற்றர் மரை. அது வேறு, ஒன்றில் மற்றது ஏறாது. ஒவ்வொரு மிதியும் பிறீவீலை மேலும் இறுக்கும். உருக்குப் பிறீவீலும் அலுமினிய மரையும் உப்பு ஈரத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து நின்றால் அலுமினியம் அரித்து வெண்பொடியாகி, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வருடம் கழித்துக் கழற்றப் போனால் மரையும் கூடவே பிய்ந்து வரும். 1924 ஆம் ஆண்டிலிருந்து நிற்கும் பழைய கல்லடிப் பாலத்தின் இரும்பைத் தினமும் பார்த்துக்கொண்டு போகிறவனுக்கு உப்புக் காற்றைப் பற்றி வேறு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆகவே பூட்டும்போதே மரையில் தாராளமாகக் கிறீஸ் பூசுங்கள். பூட்டத் தொடங்குமுன் பிறீவீலை முதலில் இடஞ்சுழியாக மெல்லச் சுற்றி, மரையின் வாயில் ஒரு சிறு தட்டு உணரப்பட்டதும் வலஞ்சுழியாகத் திருப்புங்கள். அப்படிச் செய்தால் மரை கோணலாக ஏறாது. இன்னுமொன்று: கழற்றும் சாவி மாட்டுவதற்கு உட்பக்கத்தில் நான்கு வெட்டுகள் உள்ள பிறீவீலையே வாங்குங்கள். வெட்டு இல்லாத மலிவான பிறீவீலைக் கழற்ற வேண்டுமானால் அதன் முகத்தட்டைப் பொன்சால் தட்டிக் கழற்றி, குண்டுகளைக் கொட்டி, உள்வளையத்தை மேசைப் பிடிப்பில் நெரித்துத் திருக வேண்டும். அந்த முகத்தட்டின் மரை இடஞ்சுழி என்பது தெரியாமல் எதிர்ப்பக்கம் அடித்தே உடைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1921 இல் தொடங்கி முதன்முதலில் செய்து விற்ற பொருளே ஒற்றைப் பிறீவீல்தான். அவர்களுடைய ஒற்றைப் பிறீவீல் நல்ல பொருள். பிறீவீலுக்குள் எண்ணெய் மட்டும் விடுங்கள். கட்டியான கிறீஸை அடைத்தால் உள்ளே உள்ள நாக்குகள் ஒட்டி, மிதி வெறுமனே சுற்றும்.

காலைப் பின்னுக்கு மிதித்தால் பிறேக் பிடிக்கும் ஹப்பையும் சிலர் கேட்கிறார்கள். மழையில் அது நன்றாகவே பிடிக்கும். ஆனால் உள்ளே உறுப்புகள் கூட, திருத்தத் தெரிந்தவர்கள் இங்கு குறைவு, எனவே நான் பரிந்துரைக்கவில்லை. இருபக்க மரை கொண்டு ஒருபக்கம் நிலைச்சக்கரமும் (மிதியோடு எப்போதும் சேர்ந்தே சுற்றும் பல்லுச்சக்கரம்) மறுபக்கம் பிறீவீலும் பூட்டும் ஹப், பிறீவீலை மட்டும் பயன்படுத்துகிறவருக்கும் தீங்கில்லை. நிலைச்சக்கரப் பக்கத்தில் இடஞ்சுழி மரையோடு ஒரு பூட்டுவளையம் வேண்டும்; அது இல்லாத பிறீவீல் மரையில் நிலைச்சக்கரத்தைப் பூட்டி ஓடினால் பின்னுக்கு அழுத்தும்போது சக்கரம் கழன்றுவிடும், அது உயிராபத்து. 135 பிறேம் வைத்திருந்து, ஒற்றைச் சக்கர ஹப் தேடியும் கிடைக்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: கியர்ச் சைக்கிள்களின் கசெற் ஹப்பில் (பிறீவீல் பகுதி ஹப்போடு சேர்ந்தே இருக்கும் வகை) ஒரே ஒரு பல்லுச்சக்கரத்தை வாசர்களுக்கு நடுவே பூட்டலாம். அதில் வலப்பக்கக் குண்டுகள் பிறீவீல் பகுதியின் வெளிமுனையில் இருப்பதால் அச்சுக்கு நல்ல தாங்கல் கிடைக்கும். நான் முதலில் வாங்கிய வாசர் போட்ட ஹப்போடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன் பல்லுச்சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் செயின் நேராக ஓடும்படி வாசர்களை மாற்றி மாற்றிப் பார்க்கலாம் என்பதும் ஒரு வசதி.

ஹப் மாறினால் கம்பியின் நீளமும் மாறும் என்பதை எவரும் முன்கூட்டியே சொல்வதில்லை. கம்பி கோக்கும் விளிம்பின் விட்டம் பெரிதானால் கம்பி குட்டையாக வேண்டும். பழைய கம்பியையே திரும்பப் பின்னித் தருகிறேன் என்று சொன்னவரிடம் கொடுக்காமல், 36 புதிய துருப்பிடியாக் கம்பிகளை வெட்டி மரை போட்டுத் தந்த கோட்டைமுனைத் திருத்தகத்தில் கொடுத்தது நான் எடுத்த நல்ல முடிவு. பெரியவர் சில்லைக் கட்டி முடித்து, நெளிவு எடுத்து, கம்பிகளைச் சோடி சோடியாகக் கையால் நெரித்து, திரும்பவும் நெளிவு எடுத்து, “ஒரு கிழமை ஓடிப்போட்டுக் கொண்டாங்க” என்றார். ஒரு கிழமை கழித்துக் கொண்டுபோனபோது எட்டுக் கம்பிகளை மட்டும் கால்சுற்று இறுக்கினார். அதற்குப் பணம் வாங்கவில்லை. அதன் பின்னர் இன்றுவரை ஒரு கம்பியும் அறவில்லை.

எனது தெரிவைச் சொல்லிவிடுகிறேன். 110 மில்லிமீற்றர் பழைய பிறேம் வைத்திருப்பவர், வருடத்துக்கு இரண்டு தரம் ஹப்பைத் திறக்கப் பொறுமை உள்ளவர், பழைய உருக்கு ஹப் கையில் இருந்தால் அதை விடக் கூடாது. கோனையும் குண்டையும் மாற்றிக்கொண்டு ஓடலாம். நெல் மூட்டையோ விறகோ மீன் பெட்டியோ கரியரில் ஏற்றுகிறவருக்கும், என்னைப்போல மாரியிலும் நிறுத்தாமல் ஓடுகிறவருக்கும், 6000 அல்லது 6001 இலக்கப் பெயரிங்கும் நட்டுப் பூட்டும் உருக்கு அச்சும் கொண்ட ஒற்றைச் சக்கர ஹப்பே ஏற்றது. நான் கொடுத்த விலை, முதல் தடவை வாங்கிய அலுமினிய ஹப்பின் விலையைப்போல மூன்று மடங்கு. அந்த மலிவு ஹப்புக்குப் பிறகு செலவான அச்சு, கம்பி, கூலி, பஸ் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது மூன்று மடங்கை அது முதல் வருடத்திலேயே தாண்டியிருந்தது.

இப்போது அந்தச் சில்லு ஏறத்தாழ 8,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. இரண்டு மாரியும் ஒரு கச்சான் காலத்துத் தூசும் கண்ட பிறகு, போன மாதம் அச்சைக் கழற்றி முழு நீளத்தையும் கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டிப் பார்த்தேன், எங்கும் வளைவில்லை. 18 பல்லுப் பிறீவீல்தான் தேய்ந்து பல் கூர்ந்துவிட்டது. கிறீஸ் பூசி ஏற்றியிருந்தபடியால் சாவியை மாட்டி ஒரு தள்ளுத் தள்ளியதும் கழன்று வந்தது.